எருவுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை முடியும்வரை தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் ஒரு வாசனை கூடவே வரும். அறுவடை முடிந்து, வயலுக்குள் டிராக்டர் இறங்க வழி கிடைத்த நேரம் அது. வீட்டுக்குப் பின்னால் ஓராண்டாகச் சாணமும் சாம்பலும் மாடு தின்று கழித்த தட்டையும் கொட்டி நிரப்பிய குழியை வெட்டி வண்டியேற்றுவார்கள். 'குப்பை அடிக்கிறது' என்று இதற்குப் பெயர். ஊர்ப் பேச்சில் குப்பை என்றால் விலையுள்ள பொருள்.

அந்த வண்டிகளில் சில இப்போது வயலுக்குப் போவதில்லை. ஊர் விளிம்பில் புதிதாக எழுந்த வீடுகளின் வாசலில் போய் நிற்கின்றன. வீட்டைச் சுற்றி ஒரு சென்ட், இரண்டு சென்ட் காலி இடம். அங்கே மனையை மேடாக்க அடித்த கிராவலும் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும்தான் இருக்கும். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். இப்படிப்பட்ட இடத்தில் காய்கறி போட நினைப்பவரைக் 'கொத்தாத தோட்டம்' இழுப்பதில் வியப்பில்லை. களையைத் தரையோடு அறுத்து அங்கேயே கிடத்த வேண்டும். அதன் மேல் நனைத்த அட்டை, அட்டைக்கு மேல் அரை அடி உயரம் மக்கிய எரு. நாற்றை அந்த எருவிலேயே ஊன்றிவிடலாம். கீழே உள்ள மண்ணை மண்புழுவும் வேரும் மெல்ல இளக்கிக்கொள்ளும்.

சொல்லும்போது எளிது. அந்த அரை அடி எரு எங்கிருந்து வரும் என்று கேட்டதும் சிக்கல் தொடங்குகிறது.

கொத்திப் பயிர் வைப்பவர் எருவை மண்ணோடு கலக்கிறார். எருவில் ஒரு குறை இருந்தாலும் மண் அதைத் தாங்கிக்கொள்ளும். கொத்தாத தோட்டத்தில் முதல் ஓராண்டு பயிரின் வேர் பெரும்பாலும் எருவுக்குள்ளேயே வாழ்கிறது. லாரியில் வந்து இறங்குவதுதான் அங்கே நிலம். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். எருவை மட்டும் கறுப்பாக இருக்கிறதா, விலை கட்டுமா என்ற இரண்டே கேள்வியோடு வாங்கிக் கொட்டிவிடுகிறோம். தோட்டம் கெட்டுப்போனதற்கான காரணம் பல இடங்களில் அந்த முதல் லோடிலேயே இருக்கிறது.

இந்த முறையின் முன்னோடிகள் எல்லோரும் எருவை மலையாகக் குவித்தவர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ரூத் ஸ்டவுட் 1950களில் எழுதியபோது அவர் நம்பியது கெட்டுப்போன வைக்கோலை. ஆண்டு முழுவதும் தோட்டத்தை அதனாலேயே மூடி வைத்தார். சிட்னியில் எஸ்தர் டீன்ஸ் 1977இல் வெளியிட்ட நூலில் செய்தித்தாள், குதிரைமசால் வைக்கோல், சாதா வைக்கோல் என்று அடுக்கி மேலே மட்டும் எரு இடச் சொன்னார். ஜப்பானின் ஷிகோகு தீவில் மசனோபு ஃபுகோகா அறுத்த வைக்கோலை அந்த வயலிலேயே பரப்பினார். எரு தயாரித்துச் சுமப்பதே தேவையில்லை என்பது அவர் கட்சி. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த 'மூடாக்கு' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அரை அடி எரு என்ற கணக்கை இன்று உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தின் சார்லஸ் டவ்டிங். சோமர்செட் பகுதியில் உள்ள அவருடைய ஹோமேக்கர்ஸ் தோட்டத்தில், கொத்திய பாத்தியையும் கொத்தாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு எரு போட்டு, ஆண்டுதோறும் விளைச்சலை எடை போட்டு வருகிறார். பெரும்பாலும் கொத்தாத பாத்தியே சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறது. ஆனால் அது குளிர்ந்த, ஈரமான நாடு. எரு அங்கே திறந்து கிடந்தாலும் காயாது, மெதுவாகவே கரையும். அந்தக் கணக்கை அப்படியே மதுரைக்கும் திருச்சிக்கும் எடுத்துவர முடியாது.

அளவைப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. நடைபாதைக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் பாத்திக்கு 290 சதுர அடி மிஞ்சும். அரை அடி உயரத்துக்கு 145 கன அடி எரு வேண்டும். மணல், ஜல்லி விற்கும் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, ஆகவே ஒன்றரை யூனிட். ஒரு மழைக்காலத்தில் எரு நன்றாகவே அமுங்கிவிடும் என்பதால் இரண்டு யூனிட்டாகச் சொல்லிவைப்பது நல்லது. மக்கிய எரு ஈரத்தைப் பொறுத்துக் கன மீட்டருக்கு 500 முதல் 700 கிலோ வரை நிற்கும். இரண்டு யூனிட் என்றால் மூன்றரை டன் அளவுக்கு வரும். நர்சரியில் 50 கிலோ மூட்டையாக வாங்கினால் எழுபது மூட்டை! மூட்டைக் கணக்கில் தொடங்கியவர்கள் இரண்டாவது பாத்தியிலேயே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். மொத்தமாக வாங்குவதைத் தவிர வழியில்லை.

'ஒரு லோடு' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. ஏரி, குளங்களிலிருந்து விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ள அரசு 2017இல் அனுமதித்தபோது நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு என்று வகுத்தது. அதன்படி ஒரு லோடு மூன்று கன மீட்டர், ஏறத்தாழ ஒரு யூனிட். சந்தையில் ஓடும் டிரெய்லர்கள் எல்லாம் அந்த அளவில் இல்லை. வண்டி வந்ததும் டேப்பை எடுத்து உள் நீளம், அகலம், எரு நிற்கும் உயரம் மூன்றையும் அளந்துவிட்டால் பேச்சே இல்லை. எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்க நேரும். எருவைக் கன அடிக்கு வாங்குவதே முறை.

இந்த அளவை வயலுக்கு நீட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு எக்டேருக்கு அரை அடி எரு என்றால் சுமார் 900 டன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி, கத்தரி போன்ற காய்கறிகளுக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரம் போதும் என்கிறது. முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். அதே பரப்புள்ள முப்பத்தாறு துண்டு நிலங்களுக்குப் போக வேண்டிய சத்தை ஒரு வீட்டுத் தோட்டத்தில் கொண்டுவந்து குவிக்கிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு மாட்டுச் சாணம் எல்லை தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்கும் போகிறது. கறவை மாடு குறைந்துவரும் ஊர்களில் எருவுக்கு உள்ளூரிலேயே போட்டி. ஆகவே வீட்டுத் தோட்டத்துக்கு எரு தேடுபவர் தொழுவுரம் ஒன்றையே துரத்தாமல், மற்றவர்கள் எரித்துவிடுகிற, ஆற்றில் கொட்டுகிற பொருட்களிலிருந்து பாதியை எடுக்க முயல்வது நியாயம் என்று இந்தக் கட்டுரை கருதுகிறது.

ஆனாலும் முதலிடம் தொழுவுரத்துக்குத்தான். சத்து என்று பார்த்தால் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கும். அதன் பலம் உப்பு குறைவாக இருப்பதும், பூ போல உதிர்வதும், வேரைச் சுடாததும். ஆட்டெருவில் தழைச்சத்து பல மடங்கு. 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்று விவசாயிகள் சொல்வது இந்த வேகத்தைத்தான். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் கரைந்து பயிருக்குப் போய்விடும், மாட்டெரு நின்று நிதானமாகக் கொடுக்கும். அரை அடிப் படுக்கைக்கு மாட்டெருவே அடித்தளம். ஆட்டெருவைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கத் தேவையில்லை. கோழி எருவில் இன்னும் கவனம் வேண்டும். நாமக்கல் பகுதி முட்டைப் பண்ணைகளிலிருந்து மலிவாகவே கிடைக்கும். ஆனால் அது சூடு, சுண்ணாம்பும் உப்பும் கூடியது. நார்க்கழிவோடோ இலைச் சருகோடோ சேர்த்து மக்கவைத்த பிறகே தோட்டத்துக்குள் வர வேண்டும்.

அந்த நார்க்கழிவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசலாம். பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரக் கயிறு ஆலைகளுக்கு வெளியே மலையாகக் கிடக்கும் பழுப்புத் தூள் அது. பார்க்க எருவைப் போலவே இருக்கும், மெத்தென்று இருக்கும், நீரைப் பல மடங்கு பிடித்துவைக்கும். பச்சையாகக் கொட்டியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் நூறு பங்குக்கு மேல் இருக்கிறது. அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும், செடி வெளிறி நின்றுவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு வகுத்த வழி எளிமையானது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. நூறு நூறு கிலோவாகப் பரப்பி, ஒரு அடுக்குக்கு வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் காளான் நார்க்கழிவின் லிக்னினைத் தின்றுவிடும். 112 என்று இருந்த கரிம விகிதம் 24க்கு இறங்கும். யூரியாவே வேண்டாம் என்பவர்கள் கோழி எருவை அந்த இடத்தில் வைக்கலாம். உப்பு நீரில் ஊறிய மட்டையின் தூள் என்றால் முதலில் நன்றாக அலச வேண்டும்.

சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றை வடிகட்டும்போது தங்கும் கசடு 'பிரஸ்மட்'. அரைக்கும் கரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இதுவாகப் போகும். மக்கினால் அருமையான எரு. ஆனால் ஆலை வாசலில் கிடைப்பது பல நேரம் சாராய வடிப்பாலைக் கழிவுநீர் தெளித்து மக்கவைத்தது. சாம்பல்சத்து நிறைய இருக்கும், உப்பும் அதனோடு வரும். வயலில் ஏக்கருக்கு இரண்டு மூன்று டன் போடுபவருக்கு அது பொருட்டில்லை. அதிலேயே அரை அடிப் படுக்கை போட்டால் அவரை விதை முளைக்காது.

காளான் பண்ணைக் கழிவைப் பலர் கவனிப்பதில்லை. சமவெளியில் சிப்பிக் காளானும் பால் காளானும் வேகவைத்த வைக்கோலில் வளர்கின்றன. அறுவடை முடிந்த படுக்கையின் பிளாஸ்டிக் உறையை உரித்தால் பாதி மக்கிய வைக்கோல், களை விதை இல்லாதது. சில பண்ணைகள் எடுத்துப்போனால் போதும் என்று கொடுத்துவிடும். நீலகிரியில் வளர்க்கும் மொட்டுக் காளானின் கழிவு வேறு வகை. அதில் கோழி எருவும் ஜிப்சமும் சேர்ந்திருக்கும், ஓராண்டு மழையில் கிடந்து உப்பு வடிந்தால் நல்லது.

மாநகராட்சி உரத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு பக்கமும் வேகம் அதிகம். ஒரு பக்கம் 'குப்பையிலிருந்து வந்த விஷம்' என்கிறார்கள், இன்னொரு பக்கம் 'இலவசமாகக் கிடைக்கும் பொன்' என்கிறார்கள். எல்லாம் குப்பை எங்கே பிரிந்தது என்பதைப் பொறுத்தது. போபாலில் உள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நாட்டின் 29 நகரங்களின் குப்பை உரத்தைச் சோதித்து 2010இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. வீட்டிலேயே பிரித்து வாங்கிய ஈரக்குப்பையில் செய்த உரத்தில் கன உலோகங்கள் குறைவு, கரிமச்சத்து அதிகம். எல்லாவற்றையும் கலந்து கொட்டிப் பிறகு சலித்த உரத்தில் நேர்மாறு. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 நகர உரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, காட்மியம் 5க்கு மேல் கூடாது, உப்பின் அளவான மின்கடத்துதிறன் 4க்குள், கரிமச்சத்து குறைந்தது 12 சதவீதம். மூட்டையாக விற்றால் இவற்றுக்கான சோதனை அறிக்கையைக் கேட்கலாம், கேட்க வேண்டும். உழவர் சந்தைக் கழிவையும் வார்டில் பிரித்து வாங்கிய காய்கறிக் கழிவையும் மக்கவைக்கும் சிறு உரக்கூடங்களின் எருவைத் தைரியமாக எடுக்கலாம். பழைய குப்பைமேடுகளைத் தோண்டி, சலித்து எடுக்கும் கறுப்பு மண் கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். பல்லாண்டுகளாகப் பேட்டரியும் பெயிண்டும் எல்லாம் சேர்ந்து ஊறிய மண் அது.

மண்புழு உரம் நல்ல பொருள்தான், ஆனால் யூனிட் கணக்கில் வாங்கிக் கட்டாது. மேலே அரை அங்குலம், விதை விழும் இடத்தில் மட்டும் போதும். குளத்து வண்டல் எரு ஆகாது. அட்டைக்குக் கீழே ஒரு அடுக்காகப் போட்டால் கிராவல் தரைக்கு உயிர் வரும்.

மூலம் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர்களின் தக்காளியும் பீன்ஸும் உருளையும் இலை சுருண்டு, பெரணி போலத் திருகி நின்றன. காரணம் அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி. புல்வெளியில் அடித்தது புல்லைப் பாதிக்கவில்லை. புல்லைத் தின்ற மாட்டையும் குதிரையையும் பாதிக்கவில்லை. சாணத்தோடு அப்படியே வெளியே வந்து, மக்கிய பிறகும் சாகாமல், தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. எரு விற்ற விவசாயிகள் பலருக்கே அது தெரியாது. அந்த மருந்தின் விற்பனை அங்கே அந்த ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது. அதற்கு முன்பே, 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்போகேன் நகர உரக்கூடத்தின் எருவில் குளோபைராலிட் என்ற உறவுக்கார மருந்து இதே வேலையைச் செய்திருந்தது.

இலங்கையின் அனுபவம் இதைவிடப் பெரியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. ஒரு நாட்டுக்கே எரு வேண்டியிருந்தது, கையிருப்போ இல்லை. சீனாவிலிருந்து 20,000 டன் சேதன உரம் கப்பலேறியது. மாதிரியில் கெடுதியான பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவர நோய்த்தடுப்பு அதிகாரிகள் கண்டார்கள், கப்பலை இறக்க விடவில்லை. வழக்கும் இழுபறியும் முடிந்து இலங்கை 67 லட்சம் டாலர் கொடுத்தது, உரம் வயலுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்து வெங்காயக்காரரும் கிளிநொச்சி நெல் விவசாயியும் அந்தப் பருவத்தை இழந்தார்கள். தரம் பார்த்த அதிகாரிகள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். எருவைத் தேடத் தொடங்கிய காலம்தான் பிழை. பருவம் தலைக்கு மேல் வந்த பிறகு தேடினால் கிடைத்ததை வாங்க வேண்டியிருக்கும். ஒரு சென்ட் தோட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

வண்டி வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க முடிந்தது கொஞ்சம்தான். கோவைப் பக்கம் இப்படி ஒரு பேச்சு நடக்கும்: "அண்ணா, இது எந்த ஊருக் குழிங்க?" "நல்ல பழைய குப்பைங்க, பயப்படாமப் போடுங்க." ஊர் பெயர் சொல்லாத பதிலை வாங்கிக்கொள்ளக் கூடாது. முடிந்தால் வண்டி ஏறும் முன்பே குழிக்குப் போய்ப் பார்ப்பது உத்தமம். குவியலின் நடுவில் ஒரு கடப்பாரையைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவிக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கொதித்தால் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், மூன்று மாதம் குவித்துவைக்க வேண்டும். கைப்பிடி எருவைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி நிறுத்தினால் செம்மண்ணும் மணலும் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். ஈர எருவைப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துப் பிரித்தால் மழை மண் வாசம் வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவோ புளித்த நாற்றமோ வந்தால் அது வேர்படும் நிலையில் இல்லை.

எல்லாவற்றையும்விட நம்பகமானது பயறுச் சோதனை. இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் பட்டறிந்து கற்ற வழி, நம் வீட்டிலும் செலவில்லாமல் செய்யலாம். ஆறு பழைய டம்ளர், அடியில் ஓட்டை. மூன்றில் வாங்கப்போகும் எருவும் தோட்டத்து மண்ணும் சரிபாதி, மூன்றில் வெறும் மண். ஒவ்வொன்றிலும் நான்கு தட்டைப்பயறு. அடியில் வழியும் நீர் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகாதபடி தனித்தனித் தட்டு. மூன்று வாரத்தில் மூன்றாவது இலைக் கொத்து விரியும்போது பார்க்க வேண்டும். இலை நுனி கருகினால் உப்பு. முளையே ஏறாவிட்டால் மக்காத எரு. இலை கிண்ணம் போலக் குழிந்து தண்டு முறுக்கினால் களைக்கொல்லி. நம் ஊர்க் கரும்பிலும் நெல்லிலும் அடிக்கும் 2,4-டி எருக்குழியில் விரைவில் சிதைந்துவிடும் வகை, ஆகவே பயம் அவ்வளவு இல்லை. இருந்தாலும் அப்போதுதான் அறுத்த வைக்கோலை அப்படியே படுக்கையாக்குவோர் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

வெளிநாட்டு நூல்களில் இல்லாத சில தொல்லைகளும் இங்கே உண்டு. கோரைக்கு அட்டை ஒரு தடையே கிடையாது, ஊசி போல் துளைத்து வந்துவிடும். எருவோடு கோரைக் கிழங்கு வந்தால் அந்தத் தோட்டம் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதுதான். இறக்கும்போதே ஒரு கூடையைச் சலித்துக் கறுத்த உருண்டைக் கிழங்கு இருக்கிறதா என்று பார்ப்பது பலனுள்ள வேலை. செம்மண் காட்டில் காய்ந்த அட்டையைக் கரையான் தேடி வரும், ஈரம் விடாமல் வைத்தால் தொல்லை குறையும். பழைய எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். அவை காய்கறி வேரைக் கடிப்பதில்லை. வண்டாகிப் பறந்தால் தென்னங்குருத்தைத் துளைத்துவிடும். அக்கம்பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடலாம், அல்லது மெட்டாரைசியம் பூஞ்சையைக் குவியலில் கலந்துவிடலாம்.

இன்னொன்று வெயில். எருவே மூடாக்கு என்று இங்கிலாந்தில் விட்டுவிடலாம். இங்கே பங்குனி வெயிலில் மேல் இரண்டு அங்குலம் பொடியாகிப் பறந்துவிடும், தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காமல் வழியும். கடலைத் தோல், கரும்புச் சோகை, வேப்பஞ்சருகு, காளான் பண்ணை வைக்கோல் ஏதாவது ஒன்றை எருவுக்கு மேல் மூன்று விரல் கனத்தில் போட்டாக வேண்டும். வெப்பத்தில் எரு வேகமாகக் கரைவதால் இரண்டாம் ஆண்டு மேலே புதிதாகச் சேர்க்கும் எரு ஓர் அங்குலம் போதாது, இரண்டு அங்குலம் வேண்டியிருக்கும். சென்ட் தோட்டத்துக்கு அது அரை யூனிட். தெருவில் கூட்டி எரிக்கும் தூங்குமூஞ்சி, புங்கைச் சருகையும் சமையலறைக் கழிவையும் ஓராண்டு சேர்த்தால் அதில் ஒரு பகுதி வீட்டிலேயே ஆகிவிடும்.

ஆகவே ஆடிப்பட்டத்துக்குத் தோட்டம் போட நினைப்பவர் தை மாதமே ஊர்ப்பக்கம் கேட்டுவைத்து, மாசியில் குழியிலிருந்து ஒரு வாளி மாதிரி எடுத்து வந்து பயறை ஊன்ற வேண்டும். பங்குனியில் டம்ளர்களைப் பார்த்துவிட்டு லோடு சொல்லலாம். இறங்கிய குவியலைத் தென்னங்கீற்றால் மூடி, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து நிழலில் ஆறவிடலாம். ஆடி பிறந்து முதல் தூறல் விழுந்ததும் அட்டையை நனைத்து விரித்து, ஆறிய எருவை மேலே பரப்பி, அன்று மாலையே கத்தரி நாற்றை ஊன்றிவிடலாம்.